கிராங்க்பெயிட்டுக்கு எந்த ரீல்? மேல்நீருக்கும் ஆழத்துக்கும் சேர்த்து, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸில் குடியேறிய பிறகுதான் நான் பாஸ் மீன் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். டல்லாஸுக்குக் கிழக்கே இருக்கும் லேக் ஃபோர்க் ஏரியில்தான் என் சனிக்கிழமைகள் பெரும்பாலும் கழிகின்றன. இங்கே தூண்டில் பிடிக்கத் தொடங்கும் தமிழ் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீலைப் பற்றித்தான். அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன்.

கிராங்க்பெயிட் என்றால் என்ன? அதற்கென்று தனி ரீல் எதற்கு?

மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த, குஞ்சு மீன் வடிவிலான பொய் இரைதான் கிராங்க்பெயிட். முகத்துக்கு முன்னால் நாக்கு நீட்டியதுபோல ஒரு தகடு இருக்கும். நரம்பைச் சுற்றி இழுக்கும்போது தண்ணீர் அந்தத் தகட்டில் மோதி இரையைக் கீழே தள்ளும், உடலை இடமும் வலமுமாக ஆட்டும். சுற்றுவதை நிறுத்தினால் பெரும்பாலானவை மெல்ல மேலே மிதந்து வந்துவிடும்.

ஆகவே இந்த இரைக்கு உயிர் கொடுப்பது ரீலின் கைப்பிடிதான். புழு இரையைத் தூண்டில் கோலின் நுனியால் ஆட்டலாம், தவளை இரையை மணிக்கட்டால் நடக்க வைக்கலாம். கிராங்க்பெயிட் மட்டும் நீங்கள் எந்த வேகத்தில் சுற்றுகிறீர்களோ அந்த வேகத்துக்குத்தான் நீந்தும். வேறு இரைகளுக்கு ரீல் ஒரு வசதி என்றால், இதற்கு ரீலே பாதி இரை.

'மேல்நீர்', 'ஆழம்' என்று பிரிப்பது எதை வைத்து?

தகட்டின் நீளத்தையும் அது உடலோடு சேரும் கோணத்தையும் வைத்து. குட்டையான, சதுர முனையுள்ள தகடு என்றால் இரை 3 முதல் 6 அடி வரை இறங்கும். இதை ஸ்கொயர்பில் என்பார்கள். டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜ் ஊரில் ஃபிரெட் யங் என்பவர் பால்சா மரத்தில் கையால் செதுக்கிய 'பிக் ஓ' இரைதான் இந்த வகைக்கு மூத்தது. இன்று கடைகளில் அதிகம் தொங்குவது ஸ்ட்ரைக் கிங் நிறுவனத்தின் கேவிடி 1.5 போன்றவை.

தகடு நீண்டு, இரையின் மூக்கிலிருந்து கரண்டிபோல முன்னோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் அது ஆழத்துக்குப் போகும். அதே நிறுவனத்தின் 6எக்ஸ்டி சுமார் 19 அடி வரை போகும். 10எக்ஸ்டி 25 அடியைத் தொடும், ஆனால் அதன் எடை 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம். ரபாலாவின் டிடி வரிசையில் இந்தக் குழப்பமே இல்லை: டிடி6 என்றால் 6 அடி, டிடி10 என்றால் 10 அடி, டிடி16 என்றால் 16 அடி. புதிதாகத் தொடங்குபவர்களிடம் இந்த வரிசையில் இரண்டு இரைகளை வாங்கச் சொல்வேன். எந்த ஆழத்தில் இரை ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு சுற்றும்போதுதான் கை பழகும்.

ரீல் பெட்டியில் 5.4:1, 6.3:1, 7.4:1, 8.1:1 என்று போட்டிருக்கிறார்கள். அது என்ன?

பல்சக்கர விகிதம். கைப்பிடி ஒரு முறை சுற்றும்போது உள்ளே நரம்பு சுற்றிய ஸ்பூல் எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்கு. 5.4 என்றால் மெதுவான ரீல், 8.1 என்றால் வேகமான ரீல். பெரும்பாலானவர்கள் இந்த ஓர் எண்ணைப் பார்த்தே ரீல் வாங்குகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் வாங்கினேன். அது தவறு என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் பார்க்க வேண்டியது, கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு எத்தனை சென்டிமீட்டர் நரம்பு உள்ளே வருகிறது என்பதை. அமெரிக்கப் பெட்டிகளில் அங்குலத்தில் அச்சிட்டிருப்பார்கள். இந்த அளவு விகிதத்தை மட்டும் பொறுத்ததல்ல, ஸ்பூலில் சுற்றிய நரம்பின் விட்டத்தையும் பொறுத்தது. விட்டத்தை 3.14 ஆல் பெருக்கி, வருவதை விகிதத்தால் பெருக்குங்கள். விட்டம் 30 மி.மீ. உள்ள 6.3 ரீல் ஒரு சுற்றுக்கு 59 செ.மீ. இழுக்கும். விட்டம் 38 மி.மீ. உள்ள 6.3 ரீல் 75 செ.மீ. இழுக்கும். பெட்டியில் இரண்டுக்கும் ஒரே எண்தான். தண்ணீருக்குள் ஒன்று நடக்கிறது, மற்றது ஓடுகிறது.

அப்படியானால் ஸ்பூலை முழுக்க நிரப்ப வேண்டுமா?

கட்டாயம். ஒருநாள் என் வீட்டு மேசையில் ரீலை வைத்துக் காலிப்பரால் அளந்து பார்த்தேன். 5.4 விகிதம். விளிம்பிலிருந்து சுமார் 3 மி.மீ. விட்டு நிரப்பியபோது நரம்பின் விட்டம் 36 மி.மீ., அதாவது ஒரு சுற்றுக்கு 61 செ.மீ. அதே ரீலில் பாறையிலும் மரத்திலும் சிக்கி அறுந்து அறுந்து நரம்பு குறைந்து, விட்டம் 30 மி.மீ. ஆகியிருந்த ஒரு வாரத்தில் அது 51 செ.மீ. இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. சுற்றுக்கு 10 செ.மீ. குறைவு. அந்த வாரம் இரை வழக்கம்போல அடியைத் தட்டவில்லையே என்று இரையைத்தான் சந்தேகித்தேன்.

ஆழ இரைக்கு எந்த வேகம்?

மெதுவான ரீல். 5.0 முதல் 5.5 வரையிலான விகிதம், ஒரு சுற்றுக்கு 55 முதல் 62 செ.மீ. வரை. எனக்கு இதில் இரண்டாவது கருத்து கிடையாது.

காரணம் கைவலி. 6எக்ஸ்டி போன்ற இரையின் தகடு தண்ணீருக்குள் ஒரு சிறு மண்வெட்டி மாதிரி. அதை இழுப்பது கிணற்றிலிருந்து வாளியை இறைப்பதற்கு ஒப்பு. உராய்வை விட்டுவிட்டுக் கணக்கிட்டுப் பாருங்கள். நரம்பில் 1 கிலோ இழுப்பு, நரம்பின் விட்டம் 36 மி.மீ., நுனிக்கு நுனி 90 மி.மீ. கைப்பிடி என்று வைத்துக்கொள்வோம். 7.4 ரீலில் உங்கள் விரல்கள் சுமார் 3 கிலோ விசை கொடுக்க வேண்டும். 5.4 ரீலில் 2.2 கிலோ போதும். அதே 5.4 ரீலுக்கு 100 மி.மீ. கைப்பிடி மாட்டினால் 1.9 கிலோ. ஒரு சுற்றில் இந்த வேறுபாடு தெரியாது. ஆனால் 40 மீட்டர் வீச்சு ஒன்றுக்கு ஏறத்தாழ 68 சுற்று, மணிக்கு 30 வீச்சு என்றால் இரண்டாயிரம் சுற்றுக்கு மேல்.

நான் வாங்கிய முதல் ரீல் 8.1. "எல்லாவற்றுக்கும் வேகமானதே நல்லது, மெதுவாக வேண்டுமென்றால் மெதுவாகச் சுற்றுங்கள்" என்று கடைக்காரர் சொன்னார். ஆகஸ்ட் மாத வெயிலில் பெரிய இரையை மாட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்குத் தொடங்கினேன். பத்து மணிக்குக் கட்டைவிரலின் அடியில் வலி பிடித்தது. பதினொன்றுக்குக் கைப்பிடியைச் சுற்றும்போது ரீலோடு சேர்ந்து கோலும் ஆடியது. மதியம் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியாமல் மகனிடம் கொடுத்தேன். மீன் அந்த ஏரியில் இருந்தது, பக்கத்துப் படகில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என்னால்தான் தொடர முடியவில்லை.

ஆனால் கடைக்காரர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறதே? வேகமான ரீலை மெதுவாகச் சுற்றினால் போதாதா?

போட்டிகளில் பங்கேற்கும் தேர்ந்த வீரர்களில் சிலர் ஆழ இரைக்கும் 7 விகித ரீல் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் சொல்லும் காரணம் வலுவானது. முள் மாட்டிய பாஸ் படகை நோக்கி நேராகப் பாய்ந்து வரும். நரம்பு தளர்ந்த அந்த ஒரு நொடியில் தலையை உதறி முள்ளைக் கழற்றிவிடும். வேகமான ரீல் அந்தத் தளர்ச்சியைச் சட்டென்று விழுங்கிவிடும்.

இதை நான் மறுக்கவில்லை. ஆனால் கை தன்னையறியாமல் வேகம் கூட்டும். ஒரு மீன் துரத்தி விட்டுவிட்டுப் போனால் கூட்டும். பக்கத்துப் படகில் மீன் ஏறினால் கூட்டும். மெதுவான ரீல் அந்தப் பதற்றத்தை இரை வரைக்கும் போகவிடாது. 1993ஆம் ஆண்டு அலபாமாவில் பாஸ்மாஸ்டர் கிளாசிக் போட்டியை வென்ற டேவிட் ஃபிரிட்ஸ், கிராங்க்பெயிட்டுக்கே பெயர் பெற்றவர். அவரும் மெதுவான ரீலின் பக்கம்தான். பத்து ஆண்டு அனுபவம் வந்த பிறகு உங்கள் கை உங்கள் சொல் கேட்கும் என்றால் 7க்குப் போங்கள். முதல் ஆழ ரீல் 5.4 ஆகவே இருக்கட்டும்.

வேகமாகச் சுற்றினால் இரை இன்னும் ஆழம் போகாதா?

போகாது. ஓரளவு வேகம் வரைக்கும் இரை தன் ஆழத்தை எட்டும். அதற்கு மேல் வேகம் கூட்டினால் நரம்பு தண்ணீரில் உரசும் தடையும் கூடுகிறது. சில இரைகள் நிலைதடுமாறி ஒருபக்கமாகச் சாய்ந்து மேலே வந்துவிடும்.

ஆழம் வேண்டுமானால் மூன்று வழிகள். நீளமாக வீசுங்கள், ஏனென்றால் இரை கீழே இறங்கவும் அங்கே கொஞ்ச தூரம் ஓடவும் இடம் வேண்டும். மெல்லிய நரம்பு போடுங்கள். கோலின் நுனியைத் தண்ணீரில் ஆழ்த்துங்கள். மூன்றாவதை பால் இலையஸ் என்ற வீரர் முழுமையாகச் செய்து காட்டினார்: படகில் மண்டியிட்டு, கோலை ஏறக்குறைய முழுவதும் தண்ணீருக்குள் அமிழ்த்திச் சுற்றி, 1982 கிளாசிக்கை வென்றார். முட்டி தாங்கும் என்றால் இன்றும் அது பலிக்கும்.

ஸ்கொயர்பில்லுக்கு எந்த வேகம்?

6.2 முதல் 7.1 வரை, சுற்றுக்கு 65 முதல் 75 செ.மீ. இங்கே வேலை வேறு மாதிரி. வீச்சு 10 முதல் 20 மீட்டர்தான். மூழ்கிய மரத்தின் கிளைக்கு அப்பால் வீசி, இரையைக் கிளைமேல் மோதவிட்டு, ஒரு கணம் நிறுத்தி, அது பின்னோக்கி மிதந்து விலகியதும் மறுபடி சுற்ற வேண்டும். கடி வருவது பெரும்பாலும் அந்த மோதலிலும் நிறுத்தத்திலும்தான். நிறுத்தும்போது நரம்பு தளரும், அதை உடனே எடுக்க வேண்டும். மீன் மாட்டியதும் அது மரத்துக்குள் புகுவதற்கு முன் நாலடியாவது வெளியே இழுக்க வேண்டும். 5.4 ரீல் இங்கே பின்தங்கிவிடும்.

குளிர்காலத்தில், தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும்போது, மேல்நீரிலும் மெதுவான ரீலையே எடுக்கிறேன். அப்போது பாஸ் துரத்தாது. தன் முகத்தைக் கடந்து போவதை மட்டும்தான் கடிக்கும்.

இரண்டு ரீல் வாங்க வசதி இல்லை. ஒன்றுதான் என்றால்?

6.2 அல்லது 6.3. ஷிமானோவின் கூராடோ கே வரிசையில் 6.2, 7.4, 8.5 என்று மூன்று உண்டு, அதில் 6.2ஐ எடுங்கள். தைவாவின் டட்டூலா 100 வரிசையில் 6.3 கிடைக்கும். இவற்றால் ஸ்கொயர்பில்லும் 10, 12 அடி இரைகளும் நிம்மதியாக ஓடும். 20 அடி இரையை இரண்டு மணி நேரம் ஓட்டலாம், நாள் முழுவதும் வேண்டாம். இரண்டாவது ரீல் வாங்கும் நாள் வரும்போது ஆழத்துக்கென்றே செய்யப்பட்ட ஒன்றைத் தேடுங்கள். ஆபு கார்சியா தன் 5.4 ரீலுக்கு 'வின்ச்' என்றே பெயர் வைத்தது. கிணறு தோண்டும்போது மண் தூக்கும் அந்தப் பாரம் இழுக்கும் பொறியின் பெயர், பொருத்தமான பெயர்.

ஸ்பூலின் அளவும் பிரேக்கும் முக்கியமா?

மேல்நீருக்கு மிக முக்கியம். ஸ்கொயர்பில்லின் எடை 10 முதல் 14 கிராம், உடல் பருமன், காற்றைப் பிடிக்கும். பால்சா என்றால் இன்னும் மோசம். வீசிய இரையைக் காற்று தடுத்து நிறுத்தும், ஆனால் ஸ்பூல் நிற்காமல் நரம்பை உமிழ்ந்துகொண்டே இருக்கும். அடுத்த நொடி உங்கள் கையில் குருவிக்கூடுபோல நரம்புச் சிக்கல். ஆகவே 32 முதல் 34 மி.மீ. விட்டமுள்ள லேசான ஸ்பூலும், அதன் வேகத்தை அடக்க வெளியிலிருந்தே திருகி மாற்றக்கூடிய பிரேக்கும் உள்ள ரீல் வேண்டும். காந்தப் பிரேக்கா மையவிலக்குப் பிரேக்கா என்பதில் நான் பெரிய வேறுபாடு காணவில்லை. எதிர்காற்றில் அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பதால், காந்தப் பிரேக்கை விரலால் ஒரு திருகு திருகுவது வசதி.

பழகும் முறை எளிது. இரையைக் கோல் நுனியில் தொங்கவிட்டு ரீலின் பொத்தானை அழுத்துங்கள். இரை மெல்ல இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் பக்கவாட்டு இறுக்கியைக் கொஞ்சம் திருகுங்கள். பிறகு பிரேக்கைப் பாதியில் வைத்து வீசுங்கள். இரை தண்ணீரைத் தொடும் கணத்தில் கட்டைவிரல் ஸ்பூலின்மேல் இருக்க வேண்டும். எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் அந்த விரலுக்கு மாற்று இல்லை.

ஆழ இரைக்கு நேர்மாறு. 28 கிராம் இரை தன் எடையாலேயே பறக்கும், பிரேக்கைத் தளர்த்திவிடலாம். அங்கே தேவை கொள்ளளவு: 12 பவுண்டு நரம்பு (12 பவுண்டு இழுப்பைத் தாங்குவது) 110 மீட்டருக்குக் குறையாமல் பிடிக்கும், பெட்டியில் 200 என்று அளவு போட்ட ரீல். 70 அளவுள்ள குட்டி ரீல்கள் கையில் அழகாக அடங்கும். நீள வீச்சில் அவற்றின் ஸ்பூல் அடி தெரியத் தொடங்கிவிடும்.

உலோக உடலா, கிராஃபைட் உடலா? எத்தனை பேரிங்?

ஆழத்துக்கு அலுமினிய உடல்தான். பாரம் ஏறும்போது பிளாஸ்டிக் கலந்த கிராஃபைட் உடல் மயிரிழை அளவு வளையும். பற்கள் நேராகப் பொருந்தாமல் அரைபடும். ஒரே கோடையில் கைப்பிடியில் கரகரப்புத் தொடங்கிவிடும். பெரிய பல்சக்கரம் பித்தளையாக இருந்தால் இன்னும் நல்லது. பேரிங்கின் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். நல்ல 5 பேரிங், மட்டமான 11 பேரிங்கை விட நீண்ட நாள் உழைக்கும்.

டிராக் எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும்?

மீன் பலமாக இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும் பிடிப்புதான் டிராக். 5 கிலோ போதும். வலுவை விட வழுவழுப்பே முக்கியம். கிராங்க்பெயிட்டில் இருப்பவை சிறிய மும்முனை முட்கள், அவை மீனின் உதட்டோரத்தில் தோலைப் பிடித்தபடி தொங்கும். திக்கித் திக்கி இளகும் டிராக் அந்தத் தோலைக் கிழித்துவிடும். 12 பவுண்டு நரம்புக்கு ஒன்றரை கிலோ அளவில் தராசு வைத்து அமைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸ் மாநிலத்தின் மிகப் பெரிய பாஸ், 1992இல் லேக் ஃபோர்க்கில் பிடிபட்டது. அதுவே 18.18 பவுண்டு, சுமார் எட்டேகால் கிலோதான். 10 கிலோ டிராக் என்று பெட்டியில் போட்டிருப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

எந்த நரம்பு? எந்தக் கோல்?

ஆழத்துக்கு 10 அல்லது 12 பவுண்டு ஃப்ளூரோகார்பன் என்ற வகை நரம்பு. அது தண்ணீரில் மூழ்கும், மெல்லியது, இரையின் அதிர்வைக் கைக்குக் கொண்டுவரும். ஸ்கொயர்பில்லுக்கு மரங்களுக்கு நடுவே 15 பவுண்டு. கோல் இரண்டுக்குமே நடுப்பகுதி வரை வளைகிற மென்மையான கோலாக இருக்கட்டும், கண்ணாடி இழை கலந்தது சிறப்பு. மேல்நீருக்கு 7 அடி, ஆழத்துக்கு ஏழரை அடிக்கு மேல். விறைப்பான கோலில் மீன் இரையை வாங்கும் முன்பே நாம் பிடுங்கிவிடுவோம்.

சரியான ரீல் கையில் இருப்பது எப்படித் தெரியும்?

போன கோடையில் ஏரிக்குள் நீளும் ஒரு நிலமுனையில் வீசிக்கொண்டிருந்தேன். 12 அடியிலிருந்து 20 அடிக்குச் சரியும் இடம், அடியில் சரளைக்கல். 5.4 ரீல். இரை இறங்கும்போது கைப்பிடியில் ஒரு சீரான துடிப்பு இருந்தது. பிறகு டக், டக் என்று கல். அதற்குப் பிறகு ஒரு மெத்தென்ற இடம், பாசியாக இருக்கும். மறுபடி கல். திடீரென்று துடிப்பே நின்றுவிட்டது. அடியும் இல்லை, இழுப்பும் இல்லை, நரம்பின் முனையில் ஒன்றுமே இல்லாததுபோல ஒரு வெறுமை. பாஸ் பின்னாலிருந்து வந்து இரையை வாயில் வாங்கிக்கொண்டு நான் சுற்றும் திசையிலேயே நீந்துகிறது என்று பொருள். கோலைப் பக்கவாட்டில் இழுத்தேன், பாரம் ஏறியது. என் 8.1 ரீலில் அந்த வெறுமை எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. அதில் கை பாரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் நுணுக்கமானது எதுவும் விரலுக்கு எட்டவில்லை.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது கொடுவா பிடிக்க இதே ரீலைக் கொண்டுவரலாமா?

6.3 ரீலைக் கொண்டுவாருங்கள். பழவேற்காடு, முட்டுக்காடு போன்ற கழிமுகங்களில் கொடுவாவுக்கு ஓட்டுவது பெரும்பாலும் ஆழம் குறைந்த இரைகள். பாறையும் கட்டுமானமும் இருக்கும் இடமென்றால் பின்னல் நரம்பும் தடித்த முன்நரம்பும் போடுங்கள். இரையின் முட்களையும் வலுவானவையாக மாற்றுங்கள், கொடுவா மெல்லிய முள்ளை நிமிர்த்திவிடும். உப்புநீருக்கு ஏற்றது என்று குறிப்பிடாத ரீலாக இருந்தால் எடுத்துவராதீர்கள்.

பராமரிப்பு?

உப்புநீரில் பயன்படுத்திய அன்றே, டிராக்கை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மென்மையாக ஊற்றிக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். குழாயைப் பீய்ச்சி அடிக்காதீர்கள், உப்பு உள்ளே போய்விடும். உலர்ந்ததும் டிராக்கை முழுக்கத் தளர்த்தி வையுங்கள். ஏரி ரீல் என்றால் மாதம் ஒருமுறை ஸ்பூல் பேரிங்குக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய். நரம்பை இடவலமாக நகர்த்தும் புழுத்திருகை பழைய பல்தூரிகையால் துடைத்து, அதற்கும் ஒரு சொட்டு. பல்சக்கரத்துக்கு எண்ணெய் விடாதீர்கள், அதற்கு கிரீஸ்தான். ஆழ இரை ஓட்டும் ரீலாக இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை பக்கமூடியைத் திறந்து பழைய கிரீஸை வழித்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். கறுத்துப்போன கிரீஸில் பொன்னிறப் பொடி மின்னினால் பித்தளைப் பல் தேய்கிறது. அந்தச் சக்கரத்தை மட்டும் தனியாக வாங்கி மாற்றிவிடலாம், முழு ரீலையும் மாற்ற வேண்டியதில்லை.